முன் கதவுத் தாழ்ப்பாள்

தூத்துக்குடியில் குழாயில் தண்ணீர் வருகிற நாளை ஜனங்கள் திருநாள் மாதிரி எதிர்பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், பிடித்து வைத்த நல்ல தண்ணீரை எடுத்துக் காரைக் குளிப்பாட்டுகிற ஆளுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள் ஜெபசெல்வி. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், ஓட்டிவிட்டு வந்ததும் கழுவாவிட்டால் அடித்தகடு அப்பளமாகிவிடும் என்பது அவள் கணவர் தேவபிரசாதத்தின் வாதம். அதே காற்றுதான் மனுஷத் தோலையும் தின்கிறது, அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று அவள் கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்.

குறை சொல்ல முடியாத மனிதர்தான். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஏஜென்டு, பூர்வீகம் நாசரேத். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வாங்குகிற சம்பளத்தை டீச்சர் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டுப் பெட்ரோலுக்குக் கை நீட்டுகிறவர். ஒரே ஒரு வியாதி பியட். இத்தாலிக்காரன் வரைந்து, நம் நாட்டில் பூட்டி ஓட்டிய அந்தப் பழைய ஆயிரத்து நூறு மாடல். ஊரில் அந்த வியாதி கண்டவர்கள் இன்னும் சிலர் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பீச் ரோட்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் மட்டன் குழம்பு ஆறிக்கொண்டிருக்கும். இவர்கள் கார்பரேட்டரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஜெபசெல்வி ஒரு தடவை பர்னபாசிடம் கேட்டாள். கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர் அவர். அந்தக் கூட்டத்துக்கே தலைவர் மாதிரி. அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"புதுக் காருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒரு லைட்டு எரியும் மைனி. எதுக்கு எரியுதுன்னு கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும். இவ அப்படி இல்ல. எங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லிருவா. மறைக்கத் தெரியாதவள எப்படி மைனி விட்டுட்டுப் போவ?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் இருக்கிற மனுஷியும் வாயைத் திறந்து சொல்லத்தான் செய்கிறாள், அதை யார் கேட்கிறார்கள் என்று ஜெபசெல்விக்குத் தோன்றியது. ஆனால் அவள் கணக்கு டீச்சர், தோன்றியதையெல்லாம் சொல்கிற ரகம் இல்லை.

மறைக்கத் தெரியாதவள் என்ற அந்தப் பேச்சிலிருந்துதான் அவர்களுடைய வழக்கமும் வந்திருக்க வேண்டும். ஒரு பியட் கை மாறும்போது விற்கிறவர் வண்டிக்குள் உட்கார்ந்து அதன் குறைகளையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். வாங்குகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்க வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் 'ஏத்துக்கிட்டேன்' என்று சொல்ல வேண்டும். எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. ஏன், எதற்கு, எப்போதிருந்து என்று கேட்டால் அவன் விலையைக் குறைக்க வந்தவன், பியட்டுக்கு ஆகாதவன் என்று தள்ளிவிடுவார்கள். இதற்குக் குத்தம் சொல்லுதல் என்று பெயர். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நேர்மையாகப் பெண் பார்ப்பதில்லை என்று பர்னபாஸ் பெருமையடித்துக்கொள்வார்.

ஆறுமுகநேரியில் தேவபிரசாதத்துக்கு இந்த வண்டி கிடைத்தபோதும் அப்படித்தான் நடந்தது. உப்பு வியாபாரி சுடலைக்கண்ணன் அண்ணாச்சியின் வண்டி. அவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்தது அவருடைய கொழுந்தியாள் அருணாசலவடிவு மட்டும்தான். தலை நரைத்த, வெடவெடவென்று ஒல்லியான அம்மா. தார்ப்பாயை விலக்கியதும் தேவபிரசாதம் நேரே முன் கதவுப் பக்கம் போய் நின்றார். முன் கதவுகள் பின்பக்கம் கீல் வைத்த பழைய மாடல். இப்போதைய கார் கதவு எந்தப் பக்கம் திறக்குமோ அதற்கு நேர் எதிராகத் திறக்கும். அந்தக் காலத்தில் பல தேசத்துக் கம்பெனிகளும் கதவை அப்படி வைத்ததுண்டு, பிறகு எல்லோரும் விட்டுவிட்டார்கள். பட்டுச்சேலை கட்டிய பெண் காலைத் தூக்காமல், தலையைக் குனியாமல், நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது போல இறங்கலாம். அந்தக் கதவுக்காகவே ஆட்கள் சாமியிடம் நேர்ந்துகொள்வார்கள்.

வழக்கப்படி தேவபிரசாதம் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். குத்தம் சொல்ல வேண்டிய அருணாசலவடிவு பக்கத்துச் சீட்டில் உட்காரவில்லை. பின் கதவைத் திறந்து பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெளியே நின்ற ஜெபசெல்விக்கு அது விசித்திரமாகப் பட்டது. அந்த அம்மா மழையில் ஸ்டார்ட் ஆகாது என்றாள். இரண்டாம் கியரைத் தடவித்தான் போட வேண்டும் என்றாள். வலது வைப்பர் பாதியில் நின்றுவிடும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் தேவபிரசாதம் ஏத்துக்கிட்டேன், ஏத்துக்கிட்டேன் என்று புதுமாப்பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

கடைசியில் அவள் கையை நீட்டி இடது முன் கதவைக் காட்டினாள். அதன் உள்பக்கம், ஜன்னலுக்குப் போடுகிற பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தது. ஒயின் நிறத் தோல் விரித்த அந்தக் கதவில் அது பட்டுச்சேலைக்குக் கோணி ஒட்டுப்போட்டது மாதிரி இருந்தது.

"இந்தத் தாழ்ப்பாள மட்டும் எடுத்துராதிய" என்றாள்.

தேவபிரசாதம் ஒரு கணம் தயங்கினார். ஏன் என்ற வார்த்தை அவர் உதடு வரைக்கும் வந்ததை ஜெபசெல்வி பார்த்தாள். கூட வந்திருந்த பர்னபாஸ் கண்ணைக் காட்டினார். இவர் விழுங்கிக்கொண்டு, "ஏத்துக்கிட்டேன்" என்றார். அந்த அம்மா பெரிய பாரம் இறங்கியது போல மூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வண்டி வீட்டுக்கு வந்து, வருஷக்கணக்கில் வாசல் ஷெட்டில் எலும்பும் தோலுமாகக் கிடந்து, ஒவ்வொரு உறுப்பாகத் திரும்பி எழுந்த கதையைச் சொன்னால் விடியாது. டயல் கண்ணாடி கொல்கத்தாவிலிருந்து வந்தது. விளக்கு வளையம் பம்பாயில் உடைத்துப் போட்ட டாக்சியிலிருந்து வந்தது. மகன் பெனிஸ்டன் துபாயிலிருந்து போன் செய்தால் தேவபிரசாதம் முதலில் கேட்பது, அங்கே பழைய சாமான் சந்தை எந்தப் பக்கம் என்பதைத்தான். ஜெபசெல்வி அந்த வண்டிக்குச் சக்களத்தி என்று பேர் வைத்தாள். பேர் வைத்த பிறகு கோபம் கொஞ்சம் குறைந்தது. சில சாயங்காலங்களில் அவளே ஒரு துணியை எடுத்துக் குரோமியப் பட்டையைத் துடைப்பாள். அவர் முகம் மலர்வதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது, அதை ஒளிப்பானேன்.

தாழ்ப்பாள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பழைய வண்டிகளின் அணிவகுப்பு ஒன்று திருச்செந்தூரில் நடக்கப்போகிறது, சென்னையிலிருந்து நடுவர்கள் வருகிறார்கள், ஒரிஜினலாக இருக்கிற வண்டிக்கே பரிசு என்ற செய்தி வரும்வரை இருந்தது. அந்தக் காலத்து உடுப்பில் தம்பதியாக முன் சீட்டில் வந்தால் கூடுதல் மதிப்பு என்றும் சொன்னார்கள். பர்னபாஸ் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாம் திருப்தி. இடது கதவைத் திறந்ததும் முகம் சுளித்தார்.

"ஏலே தேவா, கக்கூஸ் கதவுக்குப் போடுதத ராணிக்குப் போட்டு வச்சிருக்க."

அதே வாரம் கோயம்புத்தூரில் உடைத்த வண்டியிலிருந்து அந்த மாடலுக்கான ஒரிஜினல் கதவுப் பூட்டு வந்து சேர்ந்தது. தேவபிரசாதம் அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, தானே மாட்டினார். பிறகு ஜெபசெல்வியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, கதவைச் சாத்தி அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். டொக் என்று விழுந்தது. எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று பரீட்சை எழுதிய பையன் மாதிரி கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு சின்ன ஓட்டைகள் மட்டும் இருந்தன.

அந்த அம்மா சொன்னார்களே என்று அவள் இழுத்தாள். அணிவகுப்பு முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவேன், அதனால்தான் ஓட்டையைக்கூட அடைக்கவில்லை, இதோ பார் என்று தாழ்ப்பாளைக் கைக்குட்டையில் சுற்றி டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்தார். அந்த அம்மாவுக்கு ஏதாவது சாஸ்திரமாக இருக்கும், வயதானவர்கள்தானே என்றும் சொன்னார். கதவைப் பற்றிக் குறை என்று அவள் எதுவும் சொல்லவில்லையே, குறை இருந்திருந்தால் குத்தம் சொல்லும்போது சொல்லியிருப்பாளே என்பது அவர் கணக்கு. கணக்கு டீச்சருக்கு அந்தக் கணக்கில் எங்கேயோ உதைத்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

அணிவகுப்பு நாள் காலையில் ஜெபசெல்வி தன் அம்மாவின் மாம்பழ நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு, கை வைத்த ரவிக்கை போட்டு, முன் சீட்டில் ஏறினாள். தேவபிரசாதம் கோட்டும் டையும் கட்டியிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு வண்டியை எடுத்தார்கள். பர்னபாஸ் முன்னால், அவருக்குப் பின்னால் இவர்கள், இவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள்.

முக்காணிப் பாலம் தாண்டும்வரை எல்லாம் சுகம். ஆத்தூர் பக்கம் வாழைத்தோட்டங்களைக் கடந்தபோது அவள் முழங்காலில் ஜில்லென்று காற்று பட்டது. கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. காற்று கதவின் ஓரத்திலிருந்து வந்தது. கூடவே மெல்லிய ஊளை ஒன்று, யாரோ வீட்டுக்குள் இருந்துகொண்டு வாயை மூடி அழுவது மாதிரி. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது கதவோரத்து ரப்பர் பீடிங். அப்படித்தான் பாடும்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும் என்பதற்காக, சீட்டில் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஆறுமுகநேரியில் டீக்கு நிறுத்தினார்கள். பழைய கார்களைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கிறவர்கள், பானெட்டைத் தட்டிப் பார்க்கிறவர்கள், எங்கள் பெரியப்பா வைத்திருந்தார் என்கிறவர்கள். ஆண்கள் டீக்கடைப் பக்கம் போக, ஜெபசெல்வி காலை நீட்ட இறங்கினாள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருணாசலவடிவு வந்தாள். வண்டி இந்தப் பக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருக்கிறாள். புது வர்ணத்தையும் மின்னுகிற விளக்குகளையும் பார்த்து அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு, ஜெபசெல்வி திறந்து வைத்திருந்த கதவின் உள்பக்கம் அவள் பார்வை போனது. அந்த நான்கு ஓட்டைகளையும் விரலால் தொட்டாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"டீச்சர், இதுல நீங்களா உக்காந்து வாரிய?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றாள் ஜெபசெல்வி. அந்த அம்மா அவள் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்புறம் கூட்டிக்கொண்டு போனாள். விரல்கள் ஐஸாகக் குளிர்ந்திருந்தன. வாங்குகிறவர்கள் காரணம் கேட்கக் கூடாதாமே, அப்படித்தான் உங்கள் ஆட்கள் சொன்னார்கள், கேட்காதவரிடம் எங்கள் வீட்டுச் சாவை நான் எப்படிச் சொல்வேன் என்று ஆரம்பித்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

அவளுடைய அக்கா செல்லத்தாய்தான் சுடலைக்கண்ணன் அண்ணாச்சியின் மனைவி. ஒரு நாள் மூவரும் உப்பளத்து ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். அக்காவும் அத்தானும் முன்னால், பாவாடை தாவணி போட்ட அருணாசலவடிவு பின்னால். பூட்டு தேய்ந்துபோயிருந்தது, மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அத்தான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். எதிரே லாரி கடந்தபோது கதவு விட்டுக்கொண்டது. முன்பக்கம் திறக்கிற கதவு, ஓடுகிற வண்டி, கடல் காற்று. காற்று கதவை அப்படியே பிய்த்துத் திருப்பியது.

"அத்தான் கத்துனாரு, 'கதவப் புடி, கதவப் புடி'ன்னு. எங்க அக்கா அவரு சொல்லத் தட்டுனதே இல்ல டீச்சர். கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சா. கதவு அவளையும் சேத்துக் கொண்டு போயிட்டு."

 அருணாசலவடிவு குரலைத் தணித்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"சாகுத வரைக்கும் எல்லாருட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, 'செல்லம், செல்லம்னு அவ பேரத்தான் கூப்பிட்டேன்'னு. பொய்யில்ல. அவரு அத நம்புனாரு. பின் சீட்டுல நான்லா இருந்தேன்."

அதன் பிறகு அவர் அந்தத் தாழ்ப்பாளைத் தானே முடுக்கினாராம். வண்டியை விற்கவும் இல்லை, அந்தச் சீட்டில் யாரையும் ஏற்றவும் இல்லை. தினமும் துடைப்பார், தினமும் ஓட்டுவார், தாழ்ப்பாள் போட்டபடி. ஊரில் அதைப் பாசம் என்றார்கள். அருணாசலவடிவுக்கு அது என்னவென்று கடைசிவரை புரியவில்லை. போகும்போது அவள் ஜெபசெல்வியின் முழங்கையை அழுத்தி, "கதவு தொறந்தா கைப்பிடியப் புடிக்காதிய. யாரு சொன்னாலும் புடிக்காதிய" என்றாள்.

டீ கிளாசோடு வந்த தேவபிரசாதத்திடம் ஜெபசெல்வி எல்லாவற்றையும் சொன்னாள், அண்ணாச்சி என்ன கத்தினார் என்பதை மட்டும் தவிர. அதை ஏன் விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அம்மாவின் அக்கா இந்தக் கதவில் விழுந்துதான் இறந்தார், தாழ்ப்பாள் அதற்காகத்தான் என்றாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனிதர்தானே. கிளாசைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்குள் குனிந்து டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார். கைக்குட்டையைத் தொட்டார். டூல் பையில் திருப்புளி இருந்தது, டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஜெபசெல்வி அவர் கையையே பார்த்தாள்.

முன்னாலிருந்து பர்னபாஸ் ஹாரன் அடித்தார். நடுவர்கள் திருச்செந்தூர் எல்லையிலேயே நிற்கிறார்களாம், வண்டிகள் வரும்போதே மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவார்களாம் என்று தலையை நீட்டிச் சொன்னார். தேவபிரசாதத்தின் கை கைக்குட்டையின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பெட்டி மூடியது.

"கொஞ்ச தூரந்தான் ஜெபா. இது வேற பூட்டு, நானே மாட்டுனது. மெதுவா ஓட்டுதேன்."

நான் பின்னால் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று அவள் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. உன் இஷ்டம் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் முகம் சுருங்கிய விதம் இருக்கிறதே, இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ விஷயங்களை அந்த முகத்துக்காகத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு கேட்ட பிறகும் ஒரு மனிதரால் அந்தப் பெட்டியை மூட முடிகிறதா என்று நெஞ்சு கொதித்தது. கோபத்தில் பயம் மறந்துபோகும். சரி, ஏறுவோம், என்ன செய்கிறார் என்று பார்ப்போம் என்ற வீம்பில் அவள் முன் சீட்டிலேயே ஏறினாள். அவர் கதவைச் சாத்தினார். டொக் என்று விழவில்லை, டப் என்று விழுந்தது. மறுபடி திறந்து ஓங்கிச் சாத்தினார். இப்போது சரி என்றார்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். குவித்து வைத்த உப்பு வெயிலில் கண்ணைக் குத்தியது. சொன்னபடி மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனால் பர்னபாஸின் வண்டி முன்னால் சின்னதாகிக்கொண்டே போனது, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் கால் தன்னாலே அழுத்த ஆரம்பித்ததை அவள் கவனித்தாள். கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. கதவின் ஊளை ஏறிக்கொண்டே வந்து, திடீரென்று நின்றது. அந்த அமைதிதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. எதிரே தார்ப்பாய் மூடிய உப்பு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அவள் சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்தாள். வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மெதுவா போங்க என்ற இரண்டு வார்த்தை. சொல்வதற்குள் லாரி கடந்துவிட்டது.

வண்டி குலுங்கியது. அடுத்த கணம் அவளுக்குப் பக்கத்தில் கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. தார் ரோடு ஓடியது, வெள்ளை வெயில் இருந்தது, காற்று அவள் பட்டுச்சேலை முந்தானையைப் பிடித்து வெளியே இழுத்தது. முழுதாகத் திறந்துகொண்ட கதவு பின்பக்கத் தகட்டில் மோதித் திரும்பி வந்தது. கைப்பிடி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஆடியது.

"கதவு! கதவப் புடி ஜெபா, கதவப் புடி!"

அவள் கை கைப்பிடிக்குப் போய்விட்டது. அதுதான் உண்மை. அந்தக் குரல் சொன்னால் கேஸை அணைத்து, சாவியை எடுத்து, கேட்டைச் சாத்திப் பழகிய கை. விரல் நுனி குரோமியத்தின் சூட்டைத் தொட்டது. அந்த நொடியில் முழங்கையை அழுத்திய குளிர்ந்த விரல்களின் நினைவு வந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, அப்படியே வலது பக்கம் சாய்ந்து, அவருடைய கோட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். முந்தானை கிழிகிற சத்தம் கேட்டது. கதவு இன்னொரு தடவை போய் மோதி, மேல் கீல் பிய்ந்து, தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. வண்டி உப்புப் பாத்தியின் வரப்போரம் போய் நின்றது.

அவள் உயிரோடு இருந்தாள். தோளில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. தேவபிரசாதம் இறங்கி முன்பக்கமாகச் சுற்றி ஓடிவந்தார். அவருக்கும் அவளுக்கும் நடுவில் அந்தக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தார். பிடித்துக்கொண்டுதான் அவளைப் பார்த்தார்.

மற்ற வண்டிகளும் நின்று, ஆட்கள் ஓடிவந்தார்கள். பர்னபாஸும் திரும்பி வந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். தேவபிரசாதம் குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னார்.

"எனக்கு உசுரே இல்லலே. 'ஜெபா, ஜெபா'ன்னு இவ பேரத்தான் கத்துனேன். வேற ஒண்ணும் வாயில வரல."

ஜெபசெல்வி தண்ணீரைக் குடித்து முடித்தாள். டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். இறங்கி, பின் கதவைத் திறந்து, பின் சீட்டில் உட்கார்ந்தாள். பிறகு அவரைக் கூப்பிட்டாள். ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொன்னாள். ஏன் என்று புரியாமல் அவர் வந்து உட்கார்ந்தார், பழக்கத்தில் கை ஸ்டீயரிங்கைப் பிடித்தது. அவள் பேசியது வெளியே நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

"குத்தம் சொல்லுதேன், கேளுங்க. ஒண்ணே ஒண்ணுதான். நான் விழப் போகும்போது நீங்க கதவப் புடின்னு சொன்னீங்க."

கேள்வி கேட்கக் கூடாது, மறுக்கக் கூடாது, ஏத்துக்கிட்டேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். அவர்கள் போட்ட சட்டம்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும் என்று அவள் மனசார வேண்டினாள். கோபமெல்லாம் போய்விடும், வீட்டுக்குப் போய்விடலாம். மடியில் தாழ்ப்பாள் கனத்தது.

அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். கண் முழுக்கக் கண்ணீர். "என்ன ஜெபா சொல்லுத? உன் பேரத்தான் கூப்பிட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது, சாகும்வரை அது காலியாகவே இருக்கும் என்றும் தெரிந்தது.

வெளியே பர்னபாஸும் மற்றவர்களும் தொங்குகிற கதவை உப்பு மூட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீல் போனது போனதுதான், ஆனால் சாயர்புரத்தில் ஒருத்தரிடம் ஒரிஜினல் ஜோடி ஒன்று சும்மா கிடக்கிறது, கேட்டால் தருவார் என்று ஒருவர் சொன்னார். தேவபிரசாதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தலை மெல்ல அந்தப் பேச்சு வந்த பக்கம் திரும்புவதை ஜெபசெல்வி பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.